ஒரு பார்சலில் எத்தனை துளிகள்?

சிமுலேஷன் என்ற சொல்லுக்குத் தமிழில் மூன்று சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அறிவியல் தமிழ் எழுதுகிறவர்கள் 'உருவகப்படுத்தல்' என்கிறார்கள். சிலர் 'போலச்செய்தல்' என்கிறார்கள். வேறு சிலர் 'பாவனை' என்கிறார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால் மூன்றுமே விமர்சனத்துக்கு ஏற்கெனவே சொந்தமான சொற்கள். உருவகம் அணியிலக்கணத்தில் இருக்கிறது. போலச்செய்தல் என்று சொன்னதும் அரிஸ்டாட்டில் ஞாபகம் வருகிறார். பாவனை நடனத்துக்கும் சொப்பு வைத்து விளையாடும் குழந்தைக்கும் உரியது. இலங்கைத் தமிழில் அதே பாவனைக்கு 'பயன்பாடு' என்று பொருள். நாம் பாசாங்கு என்று படிப்பதை அவர்கள் உபயோகம் என்று படிப்பார்கள். சிமுலேஷன் என்கிற காரியத்தின் மொத்த வாழ்வும் அந்த இரண்டு அர்த்தங்களுக்கு நடுவேதான் நடக்கிறது.

நான் படித்தது மெக்கானிக்கல். சம்பளம் வாங்குவது மென்பொருளில். சில ஆண்டுகளாக ஒரு குறிப்பிட்ட வகை எழுத்தைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். திரவ எரிபொருள் துளிகள் ஒரு அதிர்ச்சி அலையில் சிக்கி வெடிப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கும் ஆய்வுக் கட்டுரைகள். அடுத்த தலைமுறை ராக்கெட் இன்ஜினுக்கான ஆராய்ச்சி இது. படிக்க ஆரம்பித்தபோது பொறியியலாகத்தான் படித்தேன். போகப் போக, இவை ஒரு கதைசொல்லல் வகைமை என்று தோன்றியது. இவற்றுக்கு ஒரு யதார்த்தவாதம் இருக்கிறது. பாத்திரப் படைப்பு இருக்கிறது. வழக்கமான தொடக்கமும் முடிவும், பேசாமல் விடுகிற விஷயங்களும் இருக்கின்றன. இவ்வளவும் இருக்கிற ஒன்றுக்கு விமர்சகன் மட்டும் இல்லையென்றால் எப்படி?

இந்தக் கட்டுரை அந்த வகைமை பற்றிய என் விமர்சனம். கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யதார்த்தவாத நாவல் ஒன்றைப் படித்துவிட்டு 'இது நம்பும்படி இருக்கா?' என்று ஒருமுறையாவது கேட்டிருந்தால் போதும்.

தீயின் இரண்டு நடைகள்

தீக்கு இரண்டு நடைகள் உண்டு. சாதாரண நடையில் அது நம்மைவிட மெதுவானது. எரிபொருள் ஆவியும் காற்றும் கலந்த அசையாத கலவையில் ஒரு அமைதியான சுடர் நொடிக்கு அரை மீட்டர்கூட நகராது. பக்கத்தில் இருப்பதைச் சூடாக்கி, அது பற்றி, அது தன் பக்கத்தில் இருப்பதைச் சூடாக்கி என்று வதந்தி பரவுவதுபோலப் போகும்.

இரண்டாவது நடைக்கு டெட்டனேஷன் என்று பெயர். அதே கலவையில் நொடிக்கு சுமார் 1,800 மீட்டர். இங்கே சூடு கைமாறுவதில்லை. முன்னால் போகும் அதிர்ச்சி அலை வாயுவை ஒரே அடியில் நசுக்குகிறது. நசுங்கிய வாயு அந்தச் சூட்டிலேயே பற்றுகிறது. பற்றியதில் வெளிப்படும் ஆற்றல் முன்னால் போகும் அலையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அலைக்குத் தீ வேண்டும், தீக்கு அலை வேண்டும். ஒன்றை ஒன்று விட்டுவிட்டால் இரண்டும் செத்துப்போகும்.

1881இல் பிரான்சில் இரண்டு குழுக்கள் இதைக் கண்டன. மல்லார், லெ ஷாத்தெலியே ஒரு பக்கம். பெர்த்தலோ, வியேல் மறுபக்கம். முதல் இருவரும் சுரங்கத் துறைப் பொறியாளர்கள், சுரங்கங்களில் வாயு வெடித்துத் தொழிலாளர்கள் சாவதை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். 1899இல் இங்கிலாந்தின் சாப்மனும், 1905இல் பிரான்சின் ழூகேயும் அந்த அலையின் வேகத்தைக் காகிதத்தில் கணக்கிட்டார்கள். நிறையும் உந்தமும் ஆற்றலும் அழியாது என்ற மூன்று விதிகளே அவர்களுக்கு அடிப்படையாக இருந்தன. உள்ளே எப்படி எரிகிறது என்று தெரியவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை மூன்று பேர் தனித்தனியாக எழுதினார்கள்: 1940இல் சோவியத்தின் ஸெல்டோவிச், 1942இல் அமெரிக்காவின் வான் நாய்மன், 1943இல் ஜெர்மனியின் டோரிங். வருடங்களைப் பாருங்கள். ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டிருந்த நாடுகளில் ஒரே சித்திரம் மூன்று முறை வரையப்பட்டிருக்கிறது. இன்று மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து அந்த மாதிரியைக் குறிப்பிடுகிறார்கள். பாடப்புத்தகத்தில் மூன்று எழுத்துகளும் சமாதானமாக அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

இதை இன்ஜினுக்குள் கொண்டுவரும் ஆசையும் ஸெல்டோவிச் காலத்திலிருந்தே இருக்கிறது. சாதாரண ராக்கெட் அறையில் எரிபொருள் ஏறக்குறைய மாறாத அழுத்தத்தில் எரிகிறது. அந்த அழுத்தத்தை பம்புகள்தான் கொடுக்க வேண்டும். டெட்டனேஷன் தானே அழுத்தத்தை உயர்த்திக்கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு உருளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். நடுவே உள்ள வளைய இடுக்கில் ஒரு வெடியலை வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கும். 15 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில் நொடிக்கு மூவாயிரத்துச் சொச்சம் சுற்று. 2021 ஜூலையில் ஜப்பான் தன் உச்சினோரா தளத்திலிருந்து ஏவிய ஒரு ஆய்வு ராக்கெட்டில் இப்படி ஒரு இன்ஜினை விண்வெளியில் இயக்கிக் காட்டியது. அதில் எரிந்தது மீத்தேன் வாயு. 2024 நவம்பரில் அதே வரிசையில் இன்னொரு ராக்கெட்டில் திரவ எத்தனாலை வைத்துப் பார்த்தார்கள்.

மீத்தேனிலிருந்து எத்தனாலுக்கு. அதாவது வாயுவிலிருந்து திரவத்துக்கு. நாம் பேச வேண்டிய விஷயம் அந்த இடைவெளியில் இருக்கிறது.

துளியின் ஐந்து மைக்ரோநொடி

திரவம் திரவமாக எரியாது. முதலில் துளியாக வேண்டும், துளி உடைய வேண்டும், உடைந்தது ஆவியாக வேண்டும், ஆவி ஆக்சிஜனோடு கலக்க வேண்டும். அதற்கப்புறம்தான் தீ. அடுப்பில் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. நொடிக்கு 1,800 மீட்டரில் வருகிற அலை ஒரு சென்டிமீட்டரை ஐந்தரை மைக்ரோநொடியில் கடந்துவிடும். துளி அதற்குள் இவ்வளவு சடங்கையும் முடித்தாக வேண்டும்.

முடியாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நிக்கல்ஸ், டபோரா, ராக்லண்ட் ஆகியோர் குழாய்களுக்குள் எரிபொருள் துளிகளை விட்டு அலையை அனுப்பிப் பார்த்தார்கள். மில்லிமீட்டர் கணக்கில் பெரிய துளிகளாக இருந்தும் அலை சாகவில்லை. வேகம் குறைந்தது, ஆனால் ஓடியது. ஏனென்றால் அதிர்ச்சி அலைக்குப் பின்னால் வீசும் காற்று நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேல். துளியைக் கட்டிப்பிடித்திருப்பது மேற்பரப்பு இழுவிசை. அதைக் கிழிக்கப் பார்ப்பது காற்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது வெபர் எண். அது 12ஐத் தாண்டினாலே துளி உடையும் என்பார்கள். இங்கே 50 மைக்ரான் துளிக்கு அது பத்தாயிரங்களில் இருக்கும். துளி ஆவியாகும்வரை அலை காத்திருப்பதில்லை. அதன் தோலை உரித்து மூடுபனியாக்கிவிடுகிறது.

இந்த உரிதலை நேரில் பார்ப்பது மிகக் கடினம். கண்ணாடிச் சன்னல் வைத்து, அதிவேகக் கேமரா வைத்து எடுத்தாலும் கிடைப்பது நிழல்கள்தான். உள்ளே எவ்வளவு ஆவி இருக்கிறது, என்ன வெப்பநிலை என்று ஒவ்வொரு புள்ளியிலும் அளக்க முடியாது. அதனால்தான் சிமுலேஷன். யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்ததுபோல எழுத வேண்டிய கட்டாயம் நாவலாசிரியனுக்குப் புதிதல்ல.

பார்சல் என்னும் பாத்திரம்

ஒரு கிராம் மண்ணெண்ணெயை 50 மைக்ரான் துளிகளாக்கினால் ஏறக்குறைய 1.9 கோடி துளிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் இடம், வேகம், விட்டம், வெப்பநிலை என்று எழுதி வைத்து, அதைப் பல்லாயிரம் காலப் படிகளில் நகர்த்த வேண்டும். கட்டுப்படியாகாது. எனவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒரே மாதிரியான நூறு துளிகளை, ஆயிரம் துளிகளை ஒரு பொட்டலமாகக் கட்டி அதற்கு 'பார்சல்' என்று பெயர் வைக்கிறார்கள். நம்ம ஊர் ஓட்டல் பார்சல் மாதிரியேதான். உள்ளே எத்தனை இட்லி இருந்தாலும் எடுத்துக்கொண்டு போவது ஒரு பொட்டலம். கணினி அந்தப் பொட்டலத்தை மட்டும் பின்தொடரும். உள்ளே இருக்கிற அத்தனை துளிகளும் ஒரே விட்டம், ஒரே வேகம், ஒரே சூடு கொண்டவை என்று நம்பிக்கொள்ளும்.

இது நமக்குத் தெரிந்த பாத்திரம். லூகாச் யதார்த்தவாத நாவலில் வகைமாதிரியைப் பற்றிப் பேசினார். ஒரு தனி மனிதனும் அவன் காலத்தின் சக்திகளும் ஒரே உடம்பில் சந்திக்கும் பாத்திரம் அது. தமிழில் அதை எடுத்துக்கொண்டவர்களில் பலர் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆயிரம் விவசாயிகளை ஒரு பொட்டலமாகக் கட்டி, அதற்கு ஒரு பெயரும் ஒரு வேட்டியும் ஒரு கடனும் கொடுத்துக் கதைக்குள் அனுப்பினார்கள். அந்த விவசாயி சராசரியாகச் சரியாக இருப்பார். அவர் கடன் சராசரிக் கடன், கோபம் சராசரிக் கோபம். ஆனால் அவர் பக்கத்து வயல்காரரோடு பேசியிருக்கவே மாட்டார்.

பார்சலின் பிரச்சினையும் இதேதான். அடர்த்தியான சாரலில் ஒரு துளி இன்னொரு துளியின் காற்று மறைவில் ஒளிந்துகொள்ளும், மோதும், சேரும். முன்னால் போகிற துளி விட்டுச்சென்ற ஆவிக்குள் பின்னால் வருகிறது நுழையும். எளிய பார்சல் மாதிரிகளில் இதெல்லாம் கிடையாது. துளிக்கு உருவமே கிடையாது. அது ஒரு புள்ளி. காற்று அதை எவ்வளவு இழுக்கும் என்பதைக் கடினமான உருண்டைக்கான சூத்திரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆனால் நிஜத்தில் அந்த நேரத்தில் துளி உருண்டையாகவே இல்லை. அப்பளமாகத் தட்டையாகி, ஓரம் கிழிந்து, இழை இழையாகப் போய்க்கொண்டிருக்கிறது. உடைந்த துளிகள் எந்த அளவில் இருக்கும் என்பதற்கு ஒரு மாறிலி வைத்திருப்பார்கள். சோதனையோடு பொருந்தும்வரை அந்த மாறிலியைத் திருகலாம்.

இதைச் சொல்வதால் பார்சலே கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்சல் இல்லாமல் இன்ஜின் அளவுக்குக் கதை சொல்லவே முடியாது. மாற்று வழி ஒன்று இருக்கிறது: ஒரே ஒரு துளியை எடுத்து அதன் தோலையும் கிழிசலையும் நுணுக்கமாகத் தீர்ப்பது. அது சிறுகதை. ஒரு துளியைப் பற்றி எல்லாம் சொல்லும், இன்ஜினைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதிலும் செலவைக் குறைக்க இருபரிமாணத்தில் செய்தவை ஏராளம். இருபரிமாணத்தில் வட்டமாக வரைந்த துளி கணிதப்படி துளியே இல்லை. காகிதத்துக்கு முன்னும் பின்னும் முடிவில்லாமல் நீளும் ஒரு திரவக் கம்பி. படத்தில் நாம் துளியைப் பார்க்கிறோம். சமன்பாடு கம்பியைப் பார்க்கிறது.

நல்ல கட்டுரை இதை நேராகச் சொல்லிவிடும். ஒரு பார்சலில் எத்தனை துளி, எதை விட்டோம், விட்டதால் எந்தப் பக்கம் பிழை சாயும். சுமாரான கட்டுரை இதையெல்லாம் ஒரு வாக்கியத்தில் தூக்கிப் போட்டுவிட்டு, மீதிப் பக்கங்கள் முழுக்க 'துளி', 'துளி' என்றே பேசும். சராசரியைப் படைத்துவிட்டு ஆளைப் படைத்ததாக நம்பும் நாவலாசிரியனின் பேச்சு அது.

கட்டத்தின் வேகத்தில் நகரும் கதை

இந்த வகைமையில் என்னை மிகவும் பாதித்த விஷயத்துக்கு வருகிறேன்.

கணினியால் தொடர்ச்சியைப் பார்க்க முடியாது. வெளியைக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. அதிர்ச்சி அலையின் தடிமனோ வாயு மூலக்கூறுகள் மோதாமல் ஓடும் தூரத்தின் சில மடங்குதான். எந்தக் கட்டத்துக்கும் அது சிக்காது. 1950இல் வான் நாய்மனும் ரிக்ட்மயரும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். சமன்பாட்டில் இல்லாத ஒரு பிசுபிசுப்பை வேண்டுமென்றே சேர்த்து, அலையைச் சில கட்டங்களுக்கு இழுத்துப் பூசிவிடுவது. தெரிந்தே சொன்ன பொய். அலையின் தடிமன் பொய்யாகும், ஆனால் அலைக்கு முன்னும் பின்னும் இருக்கிற நிலையும் வேகமும் உண்மையாக நிற்கும். கலையில் நாம் ஏற்றுக்கொள்கிற பொய் இந்த ரகம்.

ஆனால் அந்த அலைக்குள் தீயையும் வைத்தால் என்ன ஆகும்? 1986இல் கொலெல்லா, மஜ்தா, ராய்ட்பர்ட் என்ற மூவர் இதைக் காட்டினார்கள். வேதிவினை மிக வேகமானது, கட்டங்களோ அதற்குப் போதாத அளவு பெரியவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூசப்பட்ட அலையின் முன்நுனி ஒரு கட்டத்தைத் தொட்டு லேசாகச் சூடாக்குகிறது. அந்தச் சூடு நிஜமில்லை, பூச்சினால் வந்தது. ஆனால் பற்றும் வெப்பநிலையைத் தாண்டிவிட்டது. கட்டம் முழுவதும் ஒரே காலப் படியில் எரிந்து முடிகிறது. அடுத்த படியில் அடுத்த கட்டம். பிறகு அதற்கடுத்தது. ஒரு படிக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் தீ முன்னேறுகிறது. அதன் வேகத்தை இயற்கை தீர்மானிக்கவில்லை. கட்டத்தின் அகலத்தைக் காலப் படியால் வகுத்தால் என்ன வருமோ அதுதான் வேகம்.

படத்தில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அலை சுத்தமாக இருக்கும், நிரல் விழுந்து உடையாது, திரையில் சிவப்பு எச்சரிக்கை ஒன்றும் வராது. மென்பொருள்காரன் என்ற முறையில் இதுதான் எனக்குப் பயம் தருகிற ரகம். உடைகிற நிரல் நேர்மையானது. உடையாமல், அழகாக, தவறான பதிலைத் தருகிற நிரலோடு என்ன செய்வது?

இப்படிப்பட்ட நாவல்களை நாம் படித்திருக்கிறோம். எல்லாம் சரியாக இருக்கும். தெரு இருக்கும், வெயில் இருக்கும், பேச்சு வழக்குகூட கச்சிதமாக இருக்கும். ஆனால் ஆட்கள் ஒரு அத்தியாயத்துக்கு ஒரு படி என்று நகர்வார்கள். அப்பா மூன்றாம் அத்தியாயத்தில் மனம் மாறுவது அவருக்குள் ஏதோ நடந்ததால் இருக்காது. ஆசிரியரின் வரைவுத் தாளில் மூன்றாவது கட்டத்தில் அப்படி எழுதியிருந்ததால் இருக்கும். அந்த நாவலின் வேகம் அதன் வாழ்க்கையிலிருந்து வரவில்லை, கட்டத்திலிருந்து வந்தது. யதார்த்தம் என்பது விவரங்களின் குவியல் என்று நினைக்கிற வாசகனுக்கு இது பிடிபடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வழிகள். ஒன்று, கட்டங்களைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுவது. விடை மாறினால் முதலில் பார்த்தது இயற்கையை அல்ல, கட்டத்தை. இது மறுவாசிப்பு. இரண்டாவது, சாப்மனும் ழூகேயும் விட்டுச்சென்ற வேகத்தோடு ஒப்பிடுவது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்காமலேயே அவர்கள் கணித்த எண் அது என்பதுதான் அதன் பலம். கதைக்கு வெளியிலிருந்து வருகிற சாட்சி. நூறாண்டுக்கும் மேல் பழைய, ஒரு பக்கக் கணக்கு, லட்சக்கணக்கான மணிநேரம் ஓடிய சூப்பர் கம்ப்யூட்டரைத் திருத்த முடிகிறது. துளிகள் வந்ததும் அந்தச் சாட்சியும் கொஞ்சம் தடுமாறும். துளி முழுதாக எரிந்து முடியவில்லையென்றால் வேகம் நியாயமாகவே குறையும். அப்போது குறைந்தது துளியாலா, கட்டத்தாலா, திருகிய மாறிலியாலா? ஒரு கட்டுரை இந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துத்தான் நான் அதை மதிப்பிடுகிறேன்.

புகைத் தாளும் வானவில்லும்

டெட்டனேஷனுக்குச் சொந்தக் கையெழுத்து உண்டு. 1959இல் டெனிசோவ், ட்ரோஷின் என்ற இரண்டு சோவியத் ஆய்வாளர்கள் குழாயின் உட்சுவரில் கரிபிடித்த தகடு வைத்துப் பார்த்தார்கள். அலை கடந்துபோன பிறகு கரியில் மீன் செதில் போலக் கோலம். அலையின் முகம் தட்டையாக இல்லை. குறுக்கே ஓடும் சிறு அலைகள் ஒன்றோடொன்று மோதி, மோதும் முனைகள் கரியைச் சுரண்டிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு எரிபொருளுக்கும் அதனதன் செதில். சரியான விகிதத்தில் காற்றோடு கலந்தால் ஹைட்ரஜனுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர், புரொப்பேனுக்குச் சுமார் ஐந்து, மீத்தேனுக்குச் சுமார் முப்பது. செதில் பெரிதானால் வெடிக்க வைப்பது கடினம்.

சிமுலேஷன்காரர்களும் இதேபோலத் தாள் தயாரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஏறிய அதிகபட்ச அழுத்தத்தைக் குறித்து வைத்தால் செதில்கள் தெரியும். பார்க்க நிஜக் கரித்தாள் மாதிரியே சாம்பல் நிறத்தில் அச்சிடுவார்கள். அழகுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது தடயம், இரண்டாவது தடயத்தின் பாணியில் வரைந்த வரைபடம். நாட்குறிப்பு வடிவில் எழுதிய நாவலை யாரும் நாட்குறிப்பு என்று நினைப்பதில்லை. இங்கே அந்த வேறுபாடு பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நிறங்கள் இன்னொரு கதை. அறிவியல் படம் என்றதும் நம் மனதில் வருகிற நீலம்–பச்சை–மஞ்சள்–சிவப்பு வானவில்லுக்கு இயற்கையில் ஒரு நியாயமும் இல்லை. எண் சீராக ஏறிக்கொண்டிருக்க, நிறம் மட்டும் மஞ்சளில் திடீரென்று பளிச்சிடும். இல்லாத எல்லைக்கோடு ஒன்று கண்ணுக்குத் தெரியும். பைத்தானில் படம் வரைகிற எல்லோரும் பயன்படுத்தும் மேட்பிளாட்லிப் நிரல்தொகுப்பு 2017இல் தன் இயல்பு நிறத்தட்டை வானவில்லிலிருந்து விரிடிஸ் என்ற சீரான தட்டுக்கு மாற்றியதற்கு இது முக்கியக் காரணம். பளிச்சென்று இல்லை, கொஞ்சம் அடக்கமானது. இன்றும் பல சிமுலேஷன் படங்களில் பழைய வானவில்தான் எரிகிறது. பெயரடை அதிகம் போட்டு எழுதுகிறவர்களைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

குண்டு வைத்துப் பார்த்தவர்கள்

சிமுலேஷன் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1962 ஜூனில், நிலவுக்குப் போகும் சாட்டர்ன் ராக்கெட்டுக்கான எஃப்-1 இன்ஜின் ஒன்று சோதனையில் தன் சொந்த அதிர்வாலேயே சிதறியது. அது டெட்டனேஷன் இன்ஜின் அல்ல. ஆனால் மண்ணெண்ணெய்த் துளிகளும் அழுத்த அலையும் ஒன்றையொன்று தூண்டிவிட்ட கதைதான் அதுவும். அந்த ஆண்டின் இறுதியில் இதற்கென்றே ஒரு குழு அமைத்தார்கள். அறைக்குள் நடக்கும் எரிதலைக் கணித்துச் சொல்ல யாருக்கும் வழி தெரியவில்லை. எனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குள் சிறு வெடிகுண்டை வெடிக்க வைத்து, அதிர்வு அடங்குகிறதா என்று பார்த்தார்கள். பத்தில் ஒரு நொடிக்குள் தானாக அடங்க வேண்டும் என்பது விதி. துளைகளின் அளவை மாற்றினார்கள், தாரைகள் மோதும் கோணத்தை மாற்றினார்கள், தாமிரத் தடுப்புகள் வைத்தார்கள். ஏறக்குறைய 2,000 முழு அளவுச் சோதனைகள். கடைசியில் அடங்கியது. ஏன் அடங்கியது என்பதற்கு முழுமையான கோட்பாடு அவர்களிடம் இல்லை. அந்த இன்ஜின்கள்மேல் உட்கார்ந்து மனிதர்கள் நிலவுக்குப் போய்த் திரும்பினார்கள்.

இந்தக் கதையைச் சொல்லி 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று முடிக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. 2,000 முழு அளவுச் சோதனைக்கு இன்று யாரும் பணம் தரமாட்டார்கள். அதோடு, குண்டு வைத்துப் பார்க்கிறவனால் கேட்கவே முடியாத ஒரு கேள்வியை சிமுலேஷன் கேட்கிறது. துளி ஆவியாவதை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் ஓடவிட்டால்? உடைவதை மட்டும் அனுமதித்து, இழுப்பதை அணைத்துவிட்டால்? இயற்கையில் இப்படி ஒரு உலகம் கிடையாது. ஒரு காரணத்தைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கிற இந்த வேலையைப் புனைவும் செய்கிறது. என்னைப் பொறுத்தவரை இந்த வகைமையின் மிகச் சிறந்த பக்கங்கள் இவைதான். சோதனையோடு கோடு பொருந்திவிட்டது என்று காட்டுகிற பக்கங்கள் எனக்கு இரண்டாம்பட்சம். 'இதைக் கழற்றினோம், அலை செத்துவிட்டது. ஆகவே அலையை உயிரோடு வைத்திருந்தது இதுதான்' என்று சொல்கிற பக்கத்தில்தான் அறிவு நகர்கிறது.

பேசாமல் விட்டவை

எந்த வகைமைக்கும் அதன் மௌனங்கள் உண்டு. இந்தக் கட்டுரைகளின் முதல் பத்தி எப்போதும் 'உந்துவிசை' என்று தொடங்கும். எதை உந்துவது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. துணைக்கோளை உந்தும் இன்ஜினும் ஏவுகணையை உந்தும் இன்ஜினும் ஒரே சமன்பாட்டைத்தான் தீர்க்கின்றன. கடைசியில் வருகிற நன்றியுரையில் ஒரு படைப்பிரிவின் ஆய்வு அலுவலகம் பெயர் இருந்தால் அங்கே கொஞ்சம் தெரியவரும். ஸெல்டோவிச், வான் நாய்மன், டோரிங் மூவரும் ஒரே ஐந்தாண்டுக்குள் ஒரே கணக்கைப் போட்டதற்குப் போர் ஒரு பின்னணி. அந்தப் பின்னணி போகவில்லை, பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நாவலில் வீட்டு வேலை செய்கிறவர் பெயரில்லாமல் வந்துபோனால் நாம் கேட்கிறோம் இல்லையா, அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம்.

இரண்டாவது மௌனம், தோற்றுப்போன ஓட்டங்கள். சோதனைச்சாலையில் இன்ஜின் சிதறினால் புகைப்படம் இருக்கும், சத்தம் கேட்டவர்கள் இருப்பார்கள். சிமுலேஷன் பொருந்தாமல் போனால் ஒரு கோப்புறை அழியும். பொருந்தும்வரை திருகிய மாறிலியின் முந்தைய மதிப்புகள் எங்கேயும் இருக்காது. மென்பொருளில் நாங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கிறோம். யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று பத்து வருடம் கழித்தும் பார்க்கலாம். இந்தக் கட்டுரைகளோடு அந்த வரலாறும் வந்தால், என் விமர்சனத்தில் பாதி தேவைப்படாது.

இதையெல்லாம் ஒரு இலக்கிய வாசகர் ஏன் கவலைப்பட வேண்டும்? இன்றைக்கு நம் வாழ்க்கையின் பல முடிவுகள் ஏதோ ஒரு பாவனையின் பேரில் எடுக்கப்படுகின்றன. அணை திறப்பது, நோய் பரவல், கடன் தரலாமா என்பது. எல்லாவற்றிலும் ஒரு பார்சல் இருக்கிறது, அந்தப் பார்சலுக்குள் நாம் இருக்கிறோம். எல்லாவற்றிலும் ஒரு கட்டம் இருக்கிறது, ஒரு நிறத்தட்டு இருக்கிறது. இவற்றை வாசிக்கிற பொறுப்பை நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. சமன்பாட்டைச் சரிபார்க்க நிபுணர் வேண்டும்தான். ஆனால் 'இது ஆளா, சராசரியா?', 'இந்த வேகம் எங்கிருந்து வந்தது?', 'இதில் யார் பேசவில்லை?' என்று கேட்க நமக்குப் பழக்கம் இருக்கிறது. சிறுகதை வாசித்து வாசித்துச் சம்பாதித்த பழக்கம்.

அடுத்த முறை அப்படி ஒரு காணொளி கண்ணில் பட்டால் முழுசாகப் பாருங்கள். இருட்டில் வட்டமாக ஓடும் அலை, அதற்கு முன்னால் புள்ளி புள்ளியாகத் துளிகள். உண்மையிலேயே அழகானது. பிறகு நிறுத்தி, ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் எத்தனை துளிகள் என்று கட்டுரையில் தேடிப் பாருங்கள். எண் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.